இடுப்பை அளக்க வந்த பெண்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 47. வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பெண், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்ததோடு என் இடுப்பையும் அளந்தார். இடுப்பு 96 செ.மீ., எடை 76 கிலோ. குறைத்தே ஆகவேண்டும் என்கிறார். நான் சாப்பிடுவதே அரை வயிறுதான். டாக்டர் சொல்லவேண்டியதை இவர் சொல்லலாமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், அம்மா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதோடு, நோய் முற்றுமுன் கண்டறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதும் அவர்கள் பணியே. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்கும், ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் மேல் போனால், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கக்கூடும். இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரை நோய்க்கு வழிவிடுவது அந்தக் கொழுப்புதான். சேலைக் கொசுவத்தின் மேல் நாடாவைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே அடுத்த முறை அவர் வரும்போது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

அரை வயிறு என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். ஆனால் மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் உடம்பு செலவழிப்பதும் மிகக் குறைவு. இடையிடையே குடிக்கும் தேநீரை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை; இரண்டு கரண்டி சர்க்கரையுடன் நான்கு முறை குடித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியவராது. உங்கள் அடுக்களையில் எண்ணெய் டின் எத்தனை நாளில் தீர்கிறது என்பதை அறிந்தவர் அந்தப் பெண்தான், அவர் சொல்லை நான் மதிப்பதும் அதனால்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் எண்ணெயை நிறுத்தப் பாருங்கள்.

சொதியையோ உளுந்தம்பருப்புச் சோற்றையோ விடவேண்டியதில்லை. என்றைக்கோ ஒருநாள் அளவாகச் சாப்பிடுங்கள். கூட்டாஞ்சோறு ஆக்கும் நாளில் அரிசியைக் குறைத்து, முருங்கைக்கீரையையும் காயையும் கூட்டுங்கள். நான்கு கட்டு முடிந்ததும் எழுந்து முற்றத்தில் நடங்கள். மாலையில் தனியாக அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும். நான்கு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். அதை ஆறு மாதத்தில் குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம். தைராய்டு கோளாறு இருந்தாலோ, குறட்டையோடு பகலில் தூக்கம் தள்ளினாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் அதே பணியில் இருப்பவள். எடையைப் பற்றிப் பேசினாலே ஊரில் முகம் சுளிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
– ஒரு தன்னார்வலர், சேரன்மகாதேவி

பதில்: எடையில் தொடங்காதீர்கள். அவருக்கு மூட்டு வலியா, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் எடை அதிகம். ஆகவே, ‘இது உங்களுக்கு மட்டும் வந்த குறையல்ல அக்கா’ என்று நீங்கள் சொல்வது ஆறுதல் மட்டுமல்ல, உண்மையும்கூட. திண்ணையில் அண்டை வீட்டார் பார்க்க நாடாவை எடுக்காதீர்கள்; அனுமதி கேட்டு, உள்ளே போய் அளந்து, எண்ணை அவருக்கு மட்டும் சொல்லுங்கள். ஒரே வருகையில் பத்து அறிவுரை வேண்டாம். தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைக்க அவரே ஒப்புக்கொண்டால், அதைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துச் சென்று அதை மட்டும் விசாரியுங்கள்.