பத்து நாளில் ஹெவி லைசென்ஸா? பள்ளியில் சேருமுன் விசாரிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 23. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி இரண்டு வருடமாக டாடா ஏஸ் ஓட்டுகிறேன். எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருக்கிறது. லாரிக்குப் போகலாம் என்று ஹெவி லைசென்ஸுக்கு விசாரித்தேன். ஒரு டிரைவிங் ஸ்கூலில் பத்தே நாளில் எல்லாம் முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். இன்னொன்றில் ஒரு மாதம், கட்டணமும் கூடுதல். நாமக்கல்லில் லாரி கம்பெனியே நடத்தும் மையத்தில் தங்கிப் பழகலாம் என்கிறார் நண்பர். எதில் சேர்வது?

பதில்: பத்து நாள் பள்ளியை முதலிலேயே கழித்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31-வது விதி, லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குப் பயிற்சிக் காலம் 30 நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் குறைந்தது 15 மணி. ஆர்டிஓ ஆபீஸில் ஹெவிக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழையும் வைக்க வேண்டும். இவர் எங்களிடம் முறையாகப் பயிற்சி முடித்தார் என்று பள்ளி கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் அது. அதைப் பத்து நாளில் தருகிறவர்கள் விற்பது அந்தத் தாளை மட்டும்தான்.

உங்கள் தகுதியில் சிக்கல் இல்லை. 20 வயது முடிந்திருக்க வேண்டும், எல்எம்வி லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதியை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லி யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். டாடா 407 மினி லாரி மாதிரி, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும் வண்டி போதும் என்றால் ஹெவியே தேவையில்லை. எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

லாரிதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், ஒரு மாதப் பள்ளியிலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட வேண்டாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வண்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? தினம் ஒரு மணி நேர வகுப்பு என்பார்கள். வண்டியில் ஆறு பேர் இருந்தால் உங்கள் கைக்கு ஸ்டியரிங் வருவது பத்து நிமிடம். ஆள் மாறி உட்கார்ந்து, சீட்டை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வைப்பதற்குள் அதிலும் இரண்டு நிமிடம் போய்விடும். 30 நாள் முழுக்கப் போனாலும் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. ஒவ்வொரு மாணவரும் எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுதி வைக்கப் படிவம் 15 என்றே ஒரு பதிவேடு உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான பள்ளி தயங்காமல் எடுத்துப் போடும். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, லைசென்ஸ் வந்தா போதாதா?" என்றால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் வண்டியைப் பாருங்கள். பல பள்ளிகளில் ஹெவி வண்டி என்று நிற்பது ஒரு பழைய பஸ். ஸ்டியரிங் பழகவும் லைசென்ஸ் தேர்வு நடத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் ஓட்டிக் காட்டவும் அது போதும். லாரி வேலைக்குப் போதாது. கூண்டு கட்டிய லாரியில் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் எடுப்பது முழுக்கப் பக்கக் கண்ணாடிகளை நம்பித்தான். காலி வண்டியும் லோடு வண்டியும் பிரேக்கில் ஒரே மாதிரி நிற்காது. ஆகவே, கோர்ஸில் ஒரு சில நாளாவது லோடு ஏற்றிய லாரி தருவார்களா, மண் லோடாக இருந்தாலும் பரவாயில்லை, என்று நேரடியாகக் கேளுங்கள். பயிற்சியாளர் பக்கமும் பிரேக், கிளட்ச் பெடல்கள் இருக்கின்றனவா என்று ஏறிப் பாருங்கள். அது சட்டப்படி கட்டாயம்.

ஏஸ் ஓட்டியவருக்கு லாரியில் முற்றிலும் புதிது ஏர் பிரேக். டேங்கில் காற்று ஏறும்வரை வண்டியை எடுக்கக் கூடாது, ஓடும்போதும் காற்று மீட்டரில் ஒரு கண் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, இறக்கத்தில் என்ன செய்வது என்பதுவரை சொல்லித் தர வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறார். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைகிறது, டேங்கில் காற்றும் இறங்குகிறது. என்ஜினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்று திரும்ப ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் கட்டையாகிவிடும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. புகைக்குழாயை அடைத்து என்ஜின் மூலமாகவே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை எப்போது போடுவது என்பதும் இதோடு சேர்ந்த பாடம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொடைக்கானல் மலைப்பாதை இருக்கிறது. மலைச்சாலையில் ஒரு தடவைகூடக் கூட்டிப் போகாத பள்ளிக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

நாமக்கல் யோசனைக்கு வருகிறேன். அங்கே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் பல வருடமாக நடக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அரசுச் சார்பு நிறுவனமான சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தனி ஓடுதளம் இருக்கும், வண்டியின் பாகங்களைக் கழற்றிக் காட்டுவார்கள். இவை தவிர, 2021-இல் வந்த விதிப்படி 'அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்' என்று ஒரு வகை உண்டு. அதில் கனரக வாகனத்துக்கு 38 மணி நேரப் பாடம், அதிகபட்சம் ஆறு வாரம். சிமுலேட்டரும் ஓடுதளமும் இருந்தே ஆக வேண்டும். அங்கே தேறியவருக்கு ஆர்டிஓவில் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு. ஆனால் ஊர்ப் பள்ளிகளும் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்றுதான் போர்டு வைத்திருக்கும். அது படிவம் 11-இல் வாங்கிய சாதாரண உரிமம். இரண்டும் வேறு வேறு.

தங்கிப் பழகும் நாட்களில் ஏஸ் வருமானம் நின்றுபோகும். வீட்டில் அதைத் தாங்க முடியும் என்றால் நாமக்கல் போங்கள் என்பதே என் யோசனை. பயிற்சிக்காக மட்டுமல்ல, வேலைக்காகவும் சொல்கிறேன். லாரி உரிமையாளர்கள் அத்தனை பேர் இருக்கிற ஊர் அது. புது லைசென்ஸ்காரரிடம் லட்சக்கணக்கில் கடன் உள்ள வண்டியை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பழைய டிரைவரோடு சில ட்ரிப் அனுப்பித்தான் பார்ப்பார்கள். வெளிமாநிலங்களுக்கும் ஓடும் நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதி 2018-இல் போன பிறகு, இரண்டாவது சீட் கிடைப்பதற்கே தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. வருமானத்தை விட முடியாது என்றால், மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் உள்ளூர் ஒரு மாதப் பள்ளி போதும். கூடுதல் கட்டணம் ஓட்டும் நேரத்துக்கா, ஆர்டிஓ செலவுக்கா என்று மட்டும் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், அதற்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். இப்போதே அதையும் சேர்த்து 'பேக்கேஜ்' விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெவி கையில் வந்து, கொஞ்சம் ஓட்டிப் பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) ஆறு மாதம்தான் செல்லும். அதனால் பள்ளியை முடிவு செய்து, கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டி, படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எல்எல்ஆருக்குப் போடுங்கள்.