எப்போதாவது வெந்நீர் தேவைப்படும் சிங்க்குக்கு எந்த ஹீட்டர்?

கேள்வி: எண்ணெய்ப் பாத்திரம் கழுவ மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் சமையலறையில் வெந்நீர் வேண்டும். குளியலறை ஹீட்டர் தூரத்தில் இருக்கிறது. இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கலாமா? 3 கிலோவாட் போதும் என்கிறார் கடைக்காரர். 5.5 கிலோவாட்டுக்குக் குறைந்தால் வாங்காதே என்கிறார் நண்பர்.

பதில்: இன்ஸ்டன்ட், அதாவது தொட்டி இல்லாமல் ஓடும் நீரையே சூடாக்கும் ஹீட்டர், வாங்குவதே சரி. தூரத்து ஹீட்டரிலிருந்து குழாய் இழுத்தால், ஒவ்வொரு முறையும் குழாயில் தேங்கிய குளிர்ந்த நீரைக் கொட்டிய பிறகுதான் சூடு வரும். கழுவி முடித்ததும் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். பெரிய தொட்டி ஹீட்டரை ஆன் செய்தே வைத்திருந்தால், நீங்கள் தொடாத நாளிலும் மின்சாரம் செலவாகும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட்டோ 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால்தான் ஒரு யூனிட்.

இருவரும் கேட்காமல் விட்டது, உங்கள் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதை. தொட்டி இல்லாத ஹீட்டரில் எல்லாமே அதைப் பொறுத்ததுதான். 2 லிட்டர் வீதம் ஓடினால் 3 கிலோவாட் ஹீட்டர் சுமார் 21 டிகிரி கூட்டும். 25 டிகிரியில் வரும் நீர் 46 டிகிரி ஆகும், பாத்திரத்துக்குத் தாராளம். 6 லிட்டர் ஓட விட்டால் கூடுவது 7 டிகிரிதான், ஹீட்டர் பழுது என்றே தோன்றும். ரொம்பவும் குறைத்தால் நீர் கை சுடும் அளவுக்குச் சூடாகலாம்; பல மாடல்கள் குறிப்பிட்ட அளவு நீர் ஓடினால்தான் ஆன் ஆகும். அந்த அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டு, லிட்டர் அளவு போட்ட பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்து, கடிகாரம் பார்த்து அளந்த பிறகு கடைக்குப் போங்கள்.

10 டிகிரி குளிரில் நீர் வரும் வீடு என்றால் நண்பர் சொல்வதே சரி. ஆனால் 230 வோல்ட்டில் 5.5 கிலோவாட் கிட்டத்தட்ட 24 ஆம்பியர் இழுக்கும்; மெயின் போர்டிலிருந்து தனி ஒயரும், சுமை மிஞ்சினால் தானே அணையும் தனி சுவிட்சும் (எம்சிபி) வேண்டும். வாரம் இரண்டு முறைக்காகச் சுவரை உடைக்க மனம் வராது. அங்கே நானாக இருந்தால், இன்ஸ்டன்ட் என்ற பெயரிலேயே விற்கும் 3 லிட்டர் குட்டித் தொட்டி வகையை வாங்குவேன். 3 கிலோவாட்டிலேயே சுமார் இரண்டு நிமிடத்தில் 30 டிகிரி ஏறிவிடும். சூடானதும் சுவிட்சை அணைத்துவிடலாம். பிசுக்குப் போக 3 லிட்டர் போதும்.

கேள்வி: மிக்ஸி பிளக்கிலேயே மாட்டலாமா?

பதில்: கூடாது. 3 கிலோவாட்டே 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி பிளக்குக்குப் போகும் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். அந்தச் சுமையைத் தாங்கும் பவர் பிளக்கோ தனி இணைப்போ வேண்டும். ஈரக் கையோடு தொடும் இடம் என்பதால் எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் பொருத்த விடாதீர்கள். குட்டித் தொட்டி வாங்கினால், முதல் முறை குழாயில் நீர் தடையின்றி வந்த பிறகே சுவிட்ச் போடுங்கள்; வெறும் தொட்டியில் ஹீட்டர் சுருள் எரிந்துவிடும்.