ரோத்தன்பர்க், நோர்ட்லிங்கன்: ஜெர்மனியின் இந்த இரண்டு பழைய நகரங்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்?

மியூனிக்கில் தங்கியிருப்பதாகவும், காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், நோர்ட்லிங்கன்தான். ரோத்தன்பர்க்கில் ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் என் பதில் மாறும்.

இரண்டுமே பவேரியா மாநிலத்தில் உள்ளவை. ஒரு காலத்தில் புனித ரோமானியப் பேரரசரைத் தவிர வேறு எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத வணிக நகரங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு இரண்டும் நொடித்துப்போயின. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமில்லை. அந்த வறுமையின் புண்ணியத்தில்தான் மதிலும் வாயில்களும் இன்றுவரை தப்பித்திருக்கின்றன.

ரோத்தன்பர்க் அழகில் ஒரு படி மேல் என்பதை மறுக்க மாட்டேன். டௌபர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் ஊர் அது. நாள்காட்டிகளில் பார்த்திருப்பீர்களே, தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் சற்றே சாய்ந்த மஞ்சள் வீடும் இரு கோபுரங்களும், அது இந்த ஊர்தான். பகலில் அந்த வீட்டின் முன் படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டும். பிரதானத் தெருக்களில் பொம்மைக் கடைகளும் கிறிஸ்துமஸ் அலங்காரக் கடைகளும்தான் கண்ணில் படும். 'பனிப்பந்து' என்று விற்கும் பொரித்த மாவுருண்டை பார்க்கத்தான் லட்சணம், வாயில் போட்டால் வெறும் வறட்டு மாவு. மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியதும் ஊர் வேறு முகம் காட்டும். உங்களுக்கோ அந்த நேரத்தில் ரயிலைப் பிடிக்கும் அவசரம் இருக்கும்.

அங்கு காண்பதெல்லாம் அப்படியே பழையதும் அல்ல. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் ஊரின் கிழக்குப் பகுதி எரிந்து போனது. அடுத்து பீரங்கித் தாக்குதலும் நடக்கவிருந்தது. அமெரிக்கப் போர்த்துறையின் உதவிச் செயலராக இருந்த ஜான் மெக்லாய் தலையிட்டதால் மிச்சம் பிழைத்தது. இடிந்த மதிலை உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடையால் மறுபடி எழுப்பினார்கள். கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் மதில் நெடுக இருக்கின்றன, ஜப்பானியப் பெயர்கள் உட்பட. எனக்கு இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் 'அசல் இடைக்கால நகரம்' என்று நம்பிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எப்போது போனாலும் யாக்கோபு தேவாலயத்தின் மேல்மாடத்தில் சிற்பி ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரப் பலிபீடத்தைத் தவறவிடாதீர்கள். இயேசுவின் இறுதி இராவுணவுக் காட்சியின் நடுவில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நிறுத்தியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்காகவே படியேறலாம்.

இனி நோர்ட்லிங்கன். நடுவில் புனித ஜார்ஜ் தேவாலயம். அதன் கோபுரத்தை ஊரார் 'டானியல்' என்று ஆள் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். 90 மீட்டர் உயரம், சுமார் 350 படிகள். மேலே நின்றால் ஊர் முழுவதும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாகத் தெரியும், விளிம்பில் மதில். இன்னும் தொலைவில் பார்த்தால் குன்றுகளும் வளைந்து ஒரு பெரிய வட்டம் போட்டிருக்கும். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தின் விளிம்பு அது. குறுக்களவு சுமார் 24 கிலோமீட்டர். இதை எரிமலை வாய் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1960-இல் புவியியல் அறிஞர்கள் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்குள்ள பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார்கள். எரிமலையால் தர முடியாத பெரும் அழுத்தத்தில்தான் அது உருவாகும். அதோடு எரிமலைக் கதை முடிந்தது.

நீங்கள் ஏறி நிற்கும் கோபுரமே அந்த மோதலில் உருகிக் கலந்த பாறையால் கட்டியதுதான். அந்தப் பாறையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத் துகள்கள் உண்டு. பாறையில் இருந்த கிராஃபைட் மோதலின் அழுத்தத்தில் வைரமாக மாறியது. கட்டியவர்களுக்கு அது பக்கத்துக் குவாரிக் கல், அவ்வளவுதான். சுரண்டி எடுத்துப் பணக்காரராகலாம் என்று நினைக்க வேண்டாம், நகைக்கடைக்காரர் சிரிப்பார். 1970-இல் அப்போலோ நிலவுப் பயணத் திட்டத்தின் விண்வெளி வீரர்களைப் பாறைகளை அடையாளம் காணப் பழகுவதற்காக இங்கே அழைத்து வந்தார்கள். ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் நிலவுக் கல் ஒன்றும் இருக்கிறது.

மதில்மேல் கூரை வேய்ந்த நடைபாதையில் ஊரை முழுச் சுற்றாக நடந்து வரலாம். கட்டணம் இல்லை, ஒரு மணி நேரம் போதும். உள்பக்கம் எட்டிப் பார்த்தால் காயும் துணி, காய்கறித் தோட்டம், குழந்தைகளின் சைக்கிள். மக்கள் வாழும் ஊர். எனக்கு இதுதான் பிடித்தது.

மியூனிக்கிலிருந்து டோனாவோர்த் வரை போய் ரயில் மாறினால் மொத்தம் இரண்டு மணி நேரம் போல ஆகும். ரோத்தன்பர்க்குக்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும், கடைசியாக ஸ்டைனாக்கில் கிளைப்பாதை வண்டிக்கு மாறியாக வேண்டும். டிசம்பரில் போவதாக இருந்து கிறிஸ்துமஸ் சந்தைதான் உங்கள் ஆசை என்றால், ரோத்தன்பர்க்கில் மதிலுக்கு உள்ளேயே அறை கிடைக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.