கணுக்கால் சுளுக்கு: மனப்பயிற்சியும் உடற்பயிற்சியும் (பிசியோதெரபிஸ்ட் பதில்கள்)

கேள்வி: மாவுக்கட்டு போட்டு இரண்டு வாரம் ஆகிறது. பிரிக்கும்வரை சும்மாதான் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். காலை அசைக்காமல், கண்ணை மூடி, பாதத்தை உங்கள் பக்கம் இழுப்பதாக நினையுங்கள். படம் பார்ப்பதுபோல் பார்த்தால் போதாது. முன்கால் தசை இறுகுவதையும் கெண்டைக்கால் இழுபடுவதையும் உணர வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் பிரையன் கிளார்க்கின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்தவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிவைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத வலுவை இழந்தார்கள். தசையை இறுக்குவதாக மனதில் பழகியவர்களுக்குப் போனது சுமார் 24 சதவீதம். அது கை, அதுவும் அடிபடாத கை. இருந்தாலும், கட்டுக்குள் கால் இருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: அப்படியானால் நினைத்தாலே குணமாகிவிடுமா?

பதில்: ஆகாது. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் உறுதிப்பட மெல்ல மெல்லச் சுமை ஏற வேண்டும். மனப்பயிற்சி அதற்குத் துணை மட்டுமே.

கேள்வி: சுளுக்கு ஆறி மூன்று மாதமாகிறது. மேடுபள்ளத்தில் இன்னும் கால் மடங்குகிறது. நடக்கவே பயம்.

பதில்: இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்தில் காலை விறைப்பாக வைத்து நடந்தால், மடங்கும் நொடியில் அது சுதாரிக்காது. தசைநார் கிழியும்போது, பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுகிறது. அதைத்தான் மீட்க வேண்டும். சுவர் அருகே ஒற்றைக்காலில் 30 நொடி நில்லுங்கள். உட்கார்ந்து, சரளைக்கல்மேல் மெதுவாக நடப்பதாகவும் பாதம் தானே சரிசெய்துகொள்வதாகவும் நினையுங்கள். அப்புறம் மறுபடி நில்லுங்கள். நினைப்பிலேயே விழுகிறீர்களா? அங்கேயே நிறுத்தி, தரையைச் சமமாக்கிக்கொண்டு திரும்பத் தொடங்குங்கள். தரையில் தடுமாறாமல் நிற்க முடிந்தால் தலையணைமேல் நின்று பழகலாம். அதுவும் கைவந்தபின், நின்றபடியே 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுங்கள். தெருவில் நடக்கும்போது கவனம் காலில் இருக்காதே!

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் நினைக்க வேண்டும்?

பதில்: பத்து நிமிடம் போதும். வழக்கமான ஷூவைப் போட்டுக்கொண்டு செய்தால் உணர்வு நன்றாக வரும்.

கேள்வி: நேற்று கால் மடங்கியது. நான்கு அடிகூட வைக்க முடியவில்லை. எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்?

பதில்: இப்போது எதுவும் வேண்டாம். எலும்பு முறிந்திருக்கலாம். இன்றே மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.