காளான் குடிலில் சூடும் காற்றும்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் 11 வருடமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். பங்குனி பிறந்தாலே என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் குடிலின் சூட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றைச் சுருக்கிப் போட்டு, கூடவே பதிலும் எழுதியிருக்கிறேன்.

திருச்செங்கோட்டிலிருந்து: அக்கா, தகர ஷெட்டில் 200 படுக்கை (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) தொங்கவிட்டிருக்கிறேன். மதியம் உள்ளே 37 டிகிரி. வெளிச்சூடு வராமலிருக்க ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பாலித்தீன் ஷீட்டால் மூடிவிட்டேன். இப்போது காளான் தண்டு விரல் நீளம், குடையோ பொத்தான் அளவு. விதை மோசமா?

விதையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. உங்கள் காளானுக்கு மூச்சு முட்டுகிறது. காளானும் நம்மைப் போலத்தான், பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்குக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். மொட்டு விடும் நேரத்தில் குடிலுக்குள் அது 1000-ஐத் தாண்டாமலிருப்பது நல்லது. 200 படுக்கையை வைத்து ஷீட் போட்டு மூடினால் அந்த அளவை வெகு சீக்கிரம் தாண்டிவிடும். காளான் காற்றைத் தேடித் தண்டை நீட்டும், குடை விரியாது.

கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் வாங்கக் காசு இல்லையென்றாலும் காளானே சொல்லிவிடும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. தினமும் காலையில் முதலில் இதைப் பாருங்கள்.

சூட்டுக்கு வருவோம். உங்களுக்குச் சூடு வருவது ஜன்னல் வழியாக அல்ல, தலைக்கு மேலிருந்து. தகரம் வெயிலில் காய்ந்து கீழே அனலை வீசுகிறது. அதற்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும், அதனால் கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போடாதீர்கள். கீற்று கிடைக்காவிட்டால் தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, உயர்த்தி நிழல்வலை கட்டுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே எத்தனை ஃபேன் போட்டாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

அதே நண்பர்: மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் அனல் வரும். அப்புறம் என்னதான் செய்வது?

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை கொசுவலை போட்ட ஜன்னல்களைத் தாராளமாகத் திறந்து வையுங்கள். குடிலும் தரை மணலும் அப்போதுதான் குளிரும். பகலில் காற்று, அது வரும் வழியில் கட்டிய ஈரச் சாக்கு வழியாக மட்டும் உள்ளே வரட்டும், எதிர்ச்சுவரின் மேல்பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளட்டும். மற்ற சந்துகளை அடைத்துவிடுங்கள். சந்து இருந்தால் ஃபேன் சாக்கை விட்டுவிட்டு அந்தச் சந்து வழியாகத்தான் அனலை இழுக்கும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: ஃபேன் எந்த அளவு வாங்க வேண்டும்?

கணக்கு லேசானதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 20 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்றால் 1800 கன அடி. காளான் முளைத்து வரும் அறுவடை அறைக்கு மணிக்கு ஆறு தடவை காற்று மாறினால் போதும் என்பது என் அனுபவம். அப்படியென்றால் மணிக்கு 10,800 கன அடி. நிமிடத்துக்கு 700 கன அடி தள்ளும் ஃபேன் இருந்தால் மணிக்கு 15 நிமிடம்தான் ஓட வேண்டும். அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் டைமர் வைத்து 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 5 நிமிடம் ஓடவிடுங்கள். நாள் முழுக்க ஓடினால் ஈரமெல்லாம் வெளியே போய்க் காளான் காய்ந்துவிடும்.

பெருந்துறையிலிருந்து: கரியமில வாயு கனமானது, கீழேதான் தங்கும், அதனால் ஃபேனைத் தரையோரம் வைக்கச் சொல்கிறார்களே?

தனியாக இருந்தால் அது காற்றைவிடக் கனம்தான். ஆனால் குடிலில் இருப்பது காற்றோடு கலந்த மிகச் சிறிய பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் காற்றுக்கு ஏறும் கனத்தை, கால் டிகிரி சூடே சரிக்கட்டித் தூக்கிவிடும். காற்று மூலையில் தேங்குவதுதான் பிரச்சினை. உள்ளே வரும் வழி கீழே, வெளியே போகும் வழி எதிர்ச்சுவரின் மேலே என்று வைத்தால் சூடும் போகும், கெட்ட காற்றும் போகும். ஒரு ஊதுபத்தியை ஒவ்வொரு மூலையிலும் பிடித்துப் பாருங்கள். புகை நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் அங்கே காற்று ஓடவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து: ஃபாகர் (பனிபோல் தண்ணீர் தூவும் கருவி) போட்டும் 33 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் 25-க்குக் கொண்டுவருகிறார்கள். என் ஃபாகரில் கோளாறா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இது புரியாமல் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். தண்ணீர் தானாகக் குளிர்ச்சி தருவதில்லை, ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாக இடமில்லை.

ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, குடிலுக்கு வெளியே நிழலில் விசிறியின் முன் பத்து நிமிடம் வையுங்கள். அது காட்டும் அளவுதான் தண்ணீரால் உங்களால் தொடக்கூடிய கடைசி எல்லை. காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரத்துணி ஏறக்குறைய 22 காட்டும். சாக்கும் ஃபேனும் ஒழுங்காக இருந்தால் குடிலுக்குள் வரும் காற்றை 25, 26-க்குக் கொண்டுவரலாம். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரத்துணியே 30-ல் நின்றுவிடும். உங்கள் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் நடப்பது இதுதான். ஃபாகரில் கோளாறு இல்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. மூடிய குடிலுக்குள் ஃபாகர் ஓட்டினால் சில நிமிடத்தில் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், அதற்குமேல் சூடு இறங்காது. அந்த ஈரக்காற்றை வெளியேற்றினால்தான் அடுத்த சொட்டு ஆவியாகும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறோம். தண்ணீரால் குளிர்விக்கும் குடிலில் காற்றோட்டம் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும்.

மட்டக்களப்பிலிருந்து: அக்கா, நாங்கள் மரத்தூள் பையில் வளர்க்கிறோம். எங்களுக்கும் இதே கதைதானா?

கடலோரம் என்பதால் பெரும்பாலும் ஆம். ஆனால் உங்களுக்குக் கச்சான் காற்று இருக்கிறதே. மலைகளைத் தாண்டி அது வறண்டு, சூடாக வந்து இறங்கும். அந்த நாட்களில் வெளியே அனல் அடித்தாலும் ஈரச்சாக்கு நன்றாக வேலை செய்யும். சாக்கை அந்தக் காற்று வரும் பக்கம் கட்டிவிடுங்கள். ஒரே சிரமம், சாக்கு சீக்கிரம் காயும், அடிக்கடி நனைக்க வேண்டியிருக்கும்.

தாராபுரத்திலிருந்து: விதை போட்ட படுக்கையில் பூசணம் பரவும் வரை வைக்கும் அறையில் தெர்மாமீட்டர் 30 காட்டுகிறது. ஆனால் படுக்கையின் நடுப்பகுதி மட்டும் வெளுக்காமல் பழுப்பாக, புளித்த வாடையோடு இருக்கிறது.

அறையின் சூடு வேறு, படுக்கையின் சூடு வேறு. பூசணம் வைக்கோலைத் தின்னும்போது தானே சூட்டை உண்டாக்கும். நடுவில் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். வெள்ளைச் சிப்பிக்கு 25 முதல் 28 வரை நல்லது. 35-ல் தடுமாறும், 40-ஐத் தொட்டால் பிழைப்பது கடினம். என் முதல் கோடையில் 150 படுக்கையை அடுக்கடுக்காக நெருக்கிவைத்து மொத்தமாக இழந்தேன். சுவரில் இருந்த தெர்மாமீட்டரை மட்டும் நம்பியதன் பலன் அது. இப்போது நான்கு படுக்கைக்குள் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறேன்.

படுக்கைக்குப் படுக்கை ஒரு அடி இடைவெளி விடுங்கள். கோடையில் பையின் குறுக்களவைக் குறையுங்கள், ஒல்லியான படுக்கையிலிருந்து சூடு சீக்கிரம் வெளியேறும். இந்த அறையில் கரியமில வாயு கூடினாலும் பூசணம் தாங்கிக்கொள்ளும், ஆகவே காற்றை மாற்றுவது இங்கே சூட்டுக்காகத்தான்.

சென்னையிலிருந்து: அபார்ட்மென்ட்டில் ஒரு அறையில் 4 அடிக்கு 4 அடி குரோ டென்ட் (வீட்டுக்குள் செடி வளர்க்கும் சிறு கூடாரம்) வைத்து, பத்துப் பை சிப்பிக் காளான் போட்டிருக்கிறேன். ஏசி ஓடுகிறது. ஆனாலும் மொட்டெல்லாம் கருகுகிறது மேடம்.

ஏசி சூட்டோடு ஈரத்தையும் உறிஞ்சிவிடும். டென்ட்டுக்குள் வருவது வறண்ட காற்று. ஏசி அறையில் வைத்தது சரிதான், ஏனென்றால் டென்ட் தன்னைச் சுற்றியுள்ள அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்காது. அறையை 25-ல் வையுங்கள். டென்ட்டுக்குள் ஒரு சிறிய ஹியூமிடிஃபையர் வைத்து 85 சதவீத ஈரப்பதம் பிடியுங்கள், அதன் புகை நேராக மொட்டின் மேல் படக்கூடாது. மேல் துளையில் 4 அங்குல ஃபேன், கீழே வலை போட்ட துளை. செடி வளர்க்கும் பெரிய எல்.இ.டி. விளக்கு உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். 100 வாட் விளக்கு என்பது டென்ட்டுக்குள் 100 வாட் ஹீட்டர் வைத்தது போலத்தான். காளானுக்குப் படிக்கிற அளவு வெளிச்சம் போதும்.

ஃபேனின் குழாயைக் கட்டாயம் ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். முற்றிய சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத தூள் போன்ற வித்துகளை (ஸ்போர்) கொட்டும். அதை மூச்சில் இழுத்துக்கொண்டே இருந்தால் இருமல், காய்ச்சல், நெஞ்சிறுக்கம் வரும். குழந்தைகள் உள்ள வீடென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுத்துவிடுங்கள், உள்ளே போகும்போது என்95 மாஸ்க் போடுங்கள்.

உடுமலையிலிருந்து: குடையில் மஞ்சள் புள்ளி, பிசுபிசுப்பு.

பாக்டீரியா. தண்ணீர் தெளித்தபின் குடை காயவே இல்லை என்று அர்த்தம். தெளித்து முடித்ததும் 10 நிமிடம் ஃபேன் ஓடட்டும். இரவு படுக்கப் போகும்முன் தெளிப்பதை நிறுத்துங்கள்.

மதுரையிலிருந்து: வைகாசி வரை சிப்பியை எப்படியாவது ஓட்டிவிடலாமா?

மதுரைச் சூட்டில் அதற்கு ஆகும் செலவை யோசித்துப் பாருங்கள். சித்திரையிலிருந்து ஆடி வரை நான் பால் காளானுக்கு மாறிவிடுகிறேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 ரகத்துக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். நாம் போராடுகிற சூடே அதற்கு வேண்டிய சூடு. படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்ப வேண்டும், அந்த வேலை மட்டும் கூடுதல். காற்று இதற்கும் வேண்டும், ஈரமும் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சிப்பிக்குப் போட்ட ஃபேனும் சாக்கும் அப்படியே இருக்கட்டும், ஃபேன் ஓடும் நேரத்தை மட்டும் தண்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.