நாற்றின் முதல் கோடை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். பூமி சூடாகச் சூடாக மரங்கள் குளிர்ச்சியைத் தேடி மலையில் மேலே ஏறும் என்று மகள் எங்கோ படித்திருக்கிறாள். "அப்போ இந்த மரமெல்லாம் உச்சியில இருக்கிற சேர்வராயன் கோயிலுக்குப் போயிடுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படி நடக்குமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

மகள் கேட்டது நல்ல கேள்வி. மலையேறுவது விதைதான். பறவையோ வௌவாலோ காற்றோ மேலே கொண்டுபோய்ப் போட்ட விதை, அங்கே முளைத்து ஒரு கோடையைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான நாற்றுகள் அந்த முதல் கோடையிலேயே முடிந்துபோகின்றன.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போதே முட்புதர் மறைந்து, மூங்கிலும் இலையுதிர் மரங்களும் வந்து, அப்புறம் காப்பித் தோட்டத்து நிழல் வந்துவிடும். ஆனால் நாற்று வாழ்வது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். நிழலில்லாத மண் ஏப்ரல் வெயிலில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் வெந்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். இரண்டடி தள்ளிப் பாறை நிழலில் விழுந்த அதே மரத்தின் விதை பிழைத்துக்கொள்ளும்.

நாவல் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை காய்ந்தால் செத்துவிடும். ஒருமுறை காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்து, இரண்டு மாதம் கழித்து நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஜூன், ஜூலையில் பழுத்து ஈரமண்ணில் விழுந்தால் உடனே முளைக்கும். அங்கிருந்து வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை அதற்குக் கிடைப்பது ஐந்தாறு மாதம். அதற்குள் ஆணிவேர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, அதை நம்பித்தான் ஜனவரியிலிருந்து கோடை மழை வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் தாய்மரம் கண்டுகொள்ளாது. நாற்று போய்விடும். அதனால்தான் பெரிய மரங்கள் நிற்பதைப் பார்த்துக் காடு நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவை ஐம்பது, நூறு வருடத்துக்கு முந்தைய மழையில் பிழைத்தவை.

காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்தத் தாகத்தை அது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும்தான் தீர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் கொலராடோவில், மலையில் மரங்கள் முடிகிற எல்லையில் விதைகளை ஊன்றி, ஹீட்டர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். குளிர்ப் பிரதேசம், சூடு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே எங்கல்மன் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நாற்றுகள் குறைந்தன.

நம் சேர்வராயன் மலைக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,600 மீட்டர் சொச்சம்தான். நீலகிரி மாதிரி அதற்கு மேலே ஆயிரம் மீட்டர் மிச்சம் இல்லை. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே சுமக்கிற ஒரு மரம் இருக்கிறது. அது இன்னும் எங்கே ஏறும்?

இருக்கிற மேட்டிலும் பெரும்பகுதி காப்பித் தோட்டங்கள். நிழல், சருகு, ஈரம் எல்லாம் அங்கே உண்டு, காட்டு விதைகளும் வந்து முளைக்கின்றன. களை வெட்டும்போது அவையும் சேர்ந்து போய்விடுகின்றன. வரிசைக்கு ஒரு காட்டு நாற்றை விட்டுவிட்டு வெட்டினால் காப்பிக்கு ஒரு நஷ்டமும் வராது என்றே நினைக்கிறேன். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவருகிறேன். சிலர் கேட்கவும் செய்கிறார்கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மழை முடிந்து டிசம்பரில் ஏற்காடு போகும்போது பாதையோரம் ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதனடியில் அதன் நாற்றுகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஏப்ரல் கடைசியில் அதே மரத்தடியில் இன்னொரு தடவை. இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.