சென்னையில எச்ஐவி நிஜமாவே குறைஞ்சிருக்கா, இல்ல அதப் பத்தின பேச்சுதான் குறைஞ்சிருக்கா?

ரெண்டுமே குறைஞ்சிருக்குங்க, பேச்சு குறைஞ்சதுதான் எனக்குக் கவலை. இந்தியாவுல முதல்முதலா இத கண்டுபிடிச்சதே 1986ல நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். 2004 ஏப்ரல்ல அரசு ஏஆர்டி மருந்த (எச்ஐவிய கட்டுப்படுத்துற மருந்து) இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்ப தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் முதல் லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா அப்போ சிடி4ங்கற நோய் எதிர்ப்பு செல்லோட எண்ணிக்கை நல்லா இறங்கினாதான் மருந்து, 2017லேர்ந்து பாசிட்டிவ்னு தெரிஞ்சாலே ஆரம்பிச்சிடுறாங்க, இப்போ நிறைய பேருக்கு தினம் ஒரே ஒரு மாத்திரைதான், அத விடாம போட்டு வைரஸ் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு, டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது, இத இன்னும் எத்தன வீட்ல தெரியாம இருக்காங்க!

மக்கள்ல எச்ஐவி இருக்கறவங்க சதவீதத்துல இப்போ மிசோரம், நாகாலாந்துதான் முன்னாடி, அங்க போதை ஊசிய பகிர்ந்துக்கறதும் பெரிய காரணம். இங்க சந்தேகம்னா ஜிஎச்ல ஐசிடிசி ரூம் (எச்ஐவி ஆலோசனையும் டெஸ்ட்டும் குடுக்கற இடம்) எங்கனு கேளுங்க, டெஸ்ட் இலவசம், ரிசல்ட்ட ரகசியமா வச்சுப்பாங்க. நேர்ல போக தயக்கமா இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு ஃபோன் பண்ணுங்க.